‘வீட்டுக்கு வருகிறது’ பாட்டும் அக்கம்பக்கத்தின் எரிச்சலும்

இங்கிலாந்து கால்பந்து அணியின் ரசிகர்களைக் கண்டால் மற்ற நாட்டு ரசிகர்களுக்கு ஏன் எரிச்சல் என்று கேட்டால், பலரும் சட்டென்று சொல்லும் பதில் ‘அடிதடி’. அந்தப் பதில் இன்று பாதிதான் பொருந்தும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் கால்பந்து தொடர்பான குற்றத்துக்காக இங்கிலாந்து ரசிகர் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டிஷ் காவல்துறை அறிவித்தது. அப்படியிருந்தும், இங்கிலாந்து காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்ற இரவில் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிலும் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலும் யாரும் கண்ணீர் விடவில்லை. ஆகவே எரிச்சலுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. பாட்டு, தேசிய கீதம், ஊர்ச் சதுக்கம், தொலைக்காட்சி வர்ணனை, ஒரு பெயரைத் தப்பாகச் சொல்வது என்று அவை சில்லறைச் சங்கதிகளாகத் தெரியும். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு ரசிகர் தன்னளவில் சரிசெய்துகொள்ள முடியும்.

லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ பக்கம் படிக்கவும் வேலைக்கும் போகிற நம்மவர்கள் ஏராளம். பிரீமியர் லீக் பார்த்துப் பழகி, அப்படியே இங்கிலாந்து அணிச் சட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் குறிப்புகள் நேரடியாக உதவும்.

பாட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தகராறின் மையமே அதுதான். 1966 உலகக் கோப்பைக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியை நடத்தும் வாய்ப்பு இங்கிலாந்துக்கு வந்தது. போட்டியின் அதிகாரபூர்வ முழக்கமே ‘கால்பந்து வீடு திரும்புகிறது’ என்பதுதான். அதை ஒட்டி டேவிட் படீல், ஃபிராங்க் ஸ்கின்னர் என்ற இரண்டு நகைச்சுவைக் கலைஞர்களும் லைட்னிங் சீட்ஸ் இசைக்குழுவும் சேர்ந்து ‘த்ரீ லயன்ஸ்’ பாட்டை வெளியிட்டார்கள். முழுப் பாட்டையும் கேட்டால் அது வெற்றிப் பாட்டே அல்ல. முப்பது ஆண்டுகளாகத் தோற்ற வலியையும், ‘இந்தத் தடவையாவது’ என்ற ஏக்கத்தையும்தான் அது பாடுகிறது. இங்கிலாந்து ரசிகர் அதைப் பாடும்போது மனசில் இருப்பது அந்த ஏக்கம்.

ஆனால் வெளிநாட்டு மைதானத்தில் முழுப் பாட்டும் யார் காதிலும் விழுவதில்லை. கேட்பது ஒரே ஒரு வரி: ‘வீட்டுக்கு வருகிறது’. அது மற்றவர்கள் காதில் ‘கால்பந்து எங்கள் சொத்து, நீங்கள் இத்தனை நாள் இரவல் வாங்கி வைத்திருந்தீர்கள்’ என்று விழுகிறது. 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியா 2-1 என்று வென்ற பிறகு அதன் கேப்டன் லூக்கா மோட்ரிச், இங்கிலாந்தின் பத்திரிகையாளர்களும் தொலைக்காட்சி விமர்சகர்களும் தங்களைக் குறைத்து எடை போட்டதையும், எதிரணிக்கு அவர்கள் இன்னும் மரியாதை தர வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோடை முழுக்க அந்த ஒரு வரிதான் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. பாடியவருக்கு ஏக்கம், கேட்டவருக்கு அகந்தை.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த வரியின் மீது கூடுதலாக ஒரு வழக்கு உண்டு. 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடி விதிகளை எழுதியது உண்மை. ஆனால் உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் நடந்தது 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில், ஒரு கிரிக்கெட் மைதானத்தில். ஸ்காட்லாந்து அணியில் ஆடிய அனைவரும் குவீன்ஸ் பார்க் கிளப்பைச் சேர்ந்தவர்கள். முடிவு 0-0. இங்கிலாந்து வீரர்கள் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு தனியாக முட்டிமோதி ஓடுகிற ஆட்டம் ஆடிய காலத்தில், பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து முன்னேறும் ஆட்டத்தை ஸ்காட்லாந்து வளர்த்தெடுத்தது. அதைக் கற்றுக்கொள்வதற்காகவே ஆங்கிலேய கிளப்புகள் வடக்கிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தன. ‘ஸ்காட்ச் புரொஃபசர்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயரே இருந்தது. இன்று உலகம் ஆடுவது அந்தத் தட்டிக்கொடுக்கும் ஆட்டத்தைத்தான். ‘கால்பந்தின் வீடு’ என்று கிளாஸ்கோ மதுக்கடையில் ஒருவர் பாடினால், பக்கத்து மேசைக்காரருக்குப் பாட்டு தப்பான முகவரிக்குப் போவதாகத்தான் தோன்றும்.

அதனால் எங்கே பாடலாம், எங்கே கூடாது என்பதில் ஒரு வரைமுறை வேண்டும். உங்கள் அணியின் ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் தாராளமாகப் பாடுங்கள். அணி பின்தங்கியிருக்கும்போது பாடினால் இன்னும் பொருந்தும், அப்போது பாட்டின் உண்மையான பொருள் வெளியே தெரியும். டிராமிலும் மெட்ரோவிலும், உள்ளூர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கடையிலும் வேண்டாம். தோற்றுப்போன அணியின் ரசிகர்கள் வெளியேறும் பாதையில் நின்றுகொண்டு பாடவே பாடாதீர்கள். இன்னொன்று: தோற்ற பிறகு எதிரணி அதே வரியை உங்களிடமே திருப்பிப் பாடும். 1996 அரையிறுதியில் இங்கிலாந்தைப் பெனால்டியில் தோற்கடித்துக் கோப்பையையும் வென்ற ஜெர்மன் அணி, ஊர் திரும்பிக் கொண்டாடும்போது அதே பாட்டைத்தான் பாடியது. ஜெர்மனியின் இசை விற்பனைப் பட்டியலிலும் அந்தப் பாட்டு ஏறியது. பாடினவர் அதைக் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும். அங்கே கோபப்படுகிறவர்தான் மறுநாள் எல்லோர் கைபேசியிலும் காணொளியாக ஓடுகிறார்.

அடுத்தது ஒரு சொல். தமிழில் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிரிட்டன் முழுவதையும் ‘இங்கிலாந்து’ என்போம். ‘இங்கிலாந்து பிரதமர்’, ‘இங்கிலாந்து ராணி’ என்று செய்தித்தாள்களே எழுதிவந்தன. இந்தப் பழக்கத்தோடு ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ போய், ‘நீங்களும் இங்கிலாந்து ஜெயிக்கணும்னுதானே நினைப்பீங்க’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி அணி. அயர்லாந்துக் குடியரசு வேறொரு நாடு. ‘ஸ்காட்ச்’ என்பது குடிக்கும் விஸ்கிக்குத்தான். ஆளைச் சொல்லும்போது ‘ஸ்காட்டிஷ்’. இந்த வேறுபாட்டைக் கவனமாகச் சொல்லத் தெரிந்தவர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் அங்கே பாதி நண்பராகிவிடுவார்.

இந்தக் குழப்பத்தை இங்கிலாந்து ரசிகர்களும் நெடுங்காலம் செய்தார்கள். 1966 இறுதியாட்டத்தின் படங்களைப் பார்த்தால் லண்டனின் வெம்பிளி அரங்கம் முழுக்க யூனியன் ஜாக் கொடி. அது நான்கு தேசங்களுக்கும் பொதுவான கொடி. 1996 வாக்கில்தான் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட செயின்ட் ஜார்ஜ் கொடி அரங்கத்தை நிறைத்தது. இங்கிலாந்தை மட்டும் குறிக்கும் கொடி அதுதான், பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டியதும் அதுதான். அளவில் கவனம் தேவை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, உலக அமைப்பான ஃபிஃபா நடத்தும் பெரும் போட்டிகளில் 2 மீட்டருக்கு 1.5 மீட்டருக்கு மேற்பட்ட கொடிக்கு முன்அனுமதி வேண்டும். அனுமதியில்லாத பெரிய கொடியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தேசிய கீதத்தில் குழப்பம் இன்னும் தீரவில்லை. ‘காட் சேவ் த கிங்’ ஐக்கிய ராஜ்யம் முழுமைக்கும் உரிய கீதம். இங்கிலாந்து அணி அதைத் தன் கீதமாகப் பாடுகிறது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிக் கீதங்கள் உண்டு. ஆகவே கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க் அரங்கில் இங்கிலாந்து ஆடும்போது, தங்கள் பேரில் இருக்கும் கீதத்தையே ஸ்காட்லாந்து ரசிகர்கள் கூச்சலிட்டு மறைப்பார்கள். அந்த 1872 ஆட்டத்தின் 150 ஆண்டு நிறைவுக்காக 2023 செப்டம்பரில் நடந்த ஆட்டத்திலும் அப்படித்தான். அங்கே இங்கிலாந்து 3-1 என்று வென்றது.

அதைக் கேட்டுக் கொதிக்கும் இங்கிலாந்து ரசிகர், தன் சொந்த அரங்கில் நடப்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2021 யூரோ போட்டியின்போது வெம்பிளியில் ஜெர்மனி, டென்மார்க், இத்தாலி கீதங்கள் எல்லாமே கூச்சலில் மூழ்கின. டென்மார்க்குடனான அரையிறுதியில் பெனால்டி எடுக்கும் நேரத்தில் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலின் முகத்தில் யாரோ லேசர் ஒளி அடித்தார்கள். லேசர், கீதத்துக்குக் கூச்சல், பட்டாசு மூன்றுக்கும் சேர்த்து யூஃபா விதித்த அபராதம் 30,000 யூரோ. அந்தப் போட்டியில் டென்மார்க் ஆடிய முதல் ஆட்டத்தில்தான் அதன் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயத் துடிப்பு நின்று களத்தில் சரிந்து உயிர் பிழைத்திருந்தார். உலகமே டென்மார்க்குக்காக இரங்கிக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் கீதத்துக்குக் கூச்சல் போட்டதை நடுநிலை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. கீதம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, சும்மா இருந்தால் போதும். பக்கத்தில் உள்ளவர்கள் கூச்சலிட்டால் அவர்களோடு வாதம் செய்யாதீர்கள், கூட்டத்தில் அது சண்டையாகத்தான் முடியும். கீதம் முடிந்ததும் பலமாகக் கைதட்டுங்கள். நாலு பேர் தட்டினால் நாற்பது பேர் சேர்ந்துகொள்வார்கள்.

போர்ப் பாட்டுகளின் விஷயம் இதைவிடக் கனமானது. ஜெர்மனியோடு ஆடும்போதெல்லாம், சில சமயம் ஜெர்மனியில் வேறு நாட்டோடு ஆடும்போதும், ‘பத்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள்’ என்ற பாட்டு கிளம்பும். விமானங்களை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும் பாட்டு அது. கூடவே ‘இரண்டு உலகப் போர், ஒரு உலகக் கோப்பை’ என்ற கோஷம். 2006 உலகக் கோப்பைக்கு முன்பும் 2024 யூரோவுக்கு முன்பும் இதைப் பாட வேண்டாம் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2017 மார்ச் 22 அன்று டோர்ட்மண்டில் நடந்த நட்பு ஆட்டம் ஜெர்மன் வீரர் லூகாஸ் பொடோல்ஸ்கியின் பிரியாவிடை ஆட்டம். ஊரே அவருக்கு நன்றி சொல்லக் கூடியிருந்தது. விருந்தாளிகள் பகுதியில் போர்ப் பாட்டுகள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே அதைக் கண்டித்தது.

பாடுகிறவர்கள் ‘வேடிக்கைக்குத்தானே’ என்பார்கள். எந்த ஊரில் நின்று பாடுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். 2024 யூரோவில் இங்கிலாந்து ஸ்லோவேனியாவோடு ஆடியது கொலோனில். 1942 மே 30 இரவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் ஒரே இரவில் குண்டு போட்ட நகரம் அது. டோர்ட்மண்டும் கெல்சன்கிர்ஹனும் தரைமட்டமாகி மறுபடி எழுந்த ஊர்கள். நாஜிகளை இன்றைய ஜெர்மன் தலைமுறை வெறுக்கிற அளவுக்கு வேறு யாரும் வெறுப்பார்களா தெரியாது. அவர்கள் முகத்துக்கு நேரே அந்தப் பாட்டைப் பாடுவது வீரம் ஆகாது. நடைமுறையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேலிக்காகக் கையை நீட்டி நாஜி வணக்கம் வைப்பது ஜெர்மனியில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. ‘கிண்டலுக்குச் செய்தேன்’ என்று போலீஸ்காரரிடம் சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

இதில் ஒரு வினோதம்: ஜெர்மன் ரசிகர்களுக்குப் பரம்பரைப் போட்டியாளர் நெதர்லாந்து. இங்கிலாந்து தங்களையே நினைத்துக்கொண்டிருப்பது அவர்களில் பலருக்குப் புரிவதே இல்லை.

அயர்லாந்தில் இதே தவறு இன்னும் ஆழமாகக் குத்தும். 1995 பிப்ரவரி 15, டப்ளினின் லான்ஸ்டவுன் ரோடு அரங்கம். டேவிட் கெல்லி அயர்லாந்துக்கு முதல் கோல் போட்டார். சற்று நேரத்தில் மேல்தளத்தில் இருந்த இங்கிலாந்து ரசிகர்களில் ஒரு கூட்டம் இருக்கைகளைப் பெயர்த்துக் கீழே இருந்தவர்கள் மேல் எறிந்தது. கீழே குழந்தைகளும் இருந்தார்கள். 27-ஆவது நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. அயர்லாந்தின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1966-ல் இங்கிலாந்துக்காகக் கோப்பை வென்ற ஜாக் சார்ல்டன். அவரையே அந்தக் கூட்டம் ‘யூதாஸ்’, அதாவது துரோகி, என்று ஏசியது. வட அயர்லாந்தை பிரிட்டனிலிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ அமைப்புக்கு எதிரான ‘சரணடைய மாட்டோம்’ என்ற கோஷம் அந்தக் கூட்டத்தின் அடையாளம். தீவிர வலதுசாரிகள் மைதானங்களில் பரப்பிய கோஷம் அது. இங்கிலாந்து மறுபடி டப்ளினுக்கு ஆடப் போக இருபது ஆண்டுகள் பிடித்தன. பக்கத்தில் யாராவது அந்தக் கோஷத்தைத் தொடங்கினால் அது வெறும் பாட்டு என்று எண்ணிச் சேர்ந்துகொள்ளாதீர்கள். அதன் பொருள் தெரியாமல் வாயசைக்கும் புது ரசிகர்தான் பெரும்பாலும் முதலில் மாட்டுவார்.

ஊர்ச் சதுக்கத்துக்கு வருவோம். இங்கிலாந்து ரசிகர்களுக்கு வெளியூர்ப் பயணத்தில் ஒரு நிலையான வழக்கம் இருக்கிறது. நகரின் நடுச் சதுக்கத்தில் ஒரு ஐரிஷ் மதுக்கடையைக் கண்டுபிடிப்பது, நண்பகலுக்குள் அதை நிரப்புவது, ஊர்ப் பெயர் எழுதிய கொடிகளை ஜன்னல், சிலை, விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் கட்டுவது, மாலை வரை பாடிக்கொண்டே குடிப்பது. பாடுகிறவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஆனால் அந்த ஊர்க்காரருக்கு அது தினமும் வேலைக்கும் கடைக்கும் போகிற வழி. 2018 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது நல்ல உதாரணம். நட்பு ஆட்டம்தான். சைக்கிளைத் தூக்கிக் கால்வாயில் போட்டார்கள், சுற்றுலாப் படகில் போனவர்கள் மேல் பீர் ஊற்றினார்கள். தொண்ணூறு பேருக்கு மேல் கைது. சைக்கிள்தான் அந்த ஊரின் கால். அதைத் தண்ணீரில் போடுவதை உள்ளூர்க்காரர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. 2016-ல் ஃபிரான்ஸின் லீல் நகரில், கையேந்தி நின்ற குழந்தைகள் மேல் காசை எறிந்து வேடிக்கை பார்த்த காணொளி உலகம் முழுக்கப் போனது. அதில் அடிதடி இல்லை. ஆனால் எந்த அடிதடியும் ஏற்படுத்தாத அருவருப்பை அது ஏற்படுத்தியது.

ஃபிரான்ஸின் மார்சேய் நகருக்கு நினைவாற்றல் அதிகம். 1998 உலகக் கோப்பையில் துனிசியா ஆட்டத்தை ஒட்டிப் பழைய துறைமுகத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். வட ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ஊர் அது. 2016-ல் அதே துறைமுகத்தில் மறுபடி மோதல். இம்முறை ஆயத்தமாக வந்து தாக்கியவர்கள் ரஷ்யக் குண்டர்கள். பல இங்கிலாந்து ரசிகர்கள் படுகாயமடைந்தார்கள், தண்டனை முக்கியமாக ரஷ்யாவுக்குப் போனது. ஆனாலும் வெளியே அனுதாபம் குறைவாகவே இருந்தது. முன்பு செய்தவர்களின் கடன் பின்னால் வந்தவர்கள் கணக்கில் ஏறியது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறோம், ஆனால் அங்கே போகிறவர் இதை அறிந்து போக வேண்டும்.

சதுக்கத்தில் செய்யக்கூடியது எளிது. கண்ணாடிக் குவளையையும் பாட்டிலையும் கடைக்கு வெளியே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் குவளை கேளுங்கள். உடைந்த கண்ணாடிதான் சின்ன உரசலை ரத்தக்காயமாக்குகிறது. போர் நினைவுச் சின்னம், தேவாலய வாசல் இரண்டிலும் கொடி கட்டாதீர்கள். பந்தை உயரத் தூக்கி அடிக்கும் விளையாட்டு ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசைகள் இருக்கும் பக்கத்திலிருந்து விலகுங்கள். பெரும்பாலும் அந்தப் பந்து விழும் மேசையில்தான் சண்டை தொடங்கும். போலீஸார் தலைக்கவசம் மாட்டத் தொடங்கினால், உங்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், பக்கத்துத் தெரு வழியாகக் கிளம்பிவிடுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரங்கத்துக்குப் போய்விடுவது நல்லது. பெரும் போட்டிகளில் இங்கிலாந்து ரசிகர் அமைப்புகள் ‘ரசிகர் தூதரகம்’ என்ற உதவி மையம் வைக்கும் வழக்கம் 1990 இத்தாலி உலகக் கோப்பையிலிருந்து இருக்கிறது. எந்த வழி பாதுகாப்பானது, பை எந்த அளவு இருக்கலாம், கடவுச்சீட்டு தொலைந்தால் யாரைப் பார்ப்பது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

நுழைவுச்சீட்டிலும் தவறுகள் நடக்கின்றன. யூஃபா தகுதிச் சுற்று ஆட்டங்களில் விருந்தாளி அணிக்கு அரங்கக் கொள்ளளவில் 5 சதவீதம் ஒதுக்க வேண்டும். ஹாம்டன் பார்க்கில் சுமார் 52,000 இடங்கள் என்றால் சுமார் 2,600. அது கிடைக்காதவர்கள் எதிரணி ரசிகர் பகுதியில் சீட்டு வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் அடக்கி வைத்திருந்த சத்தம் ஒரு கோலில் வெளியே வந்துவிடும். நீங்கள் நினைப்பதற்குள் கை தூக்கியிருப்பீர்கள். காவலர்கள் வந்து வெளியே அனுப்புவார்கள், அதுவும் நல்லபடியாக முடிந்தால். ஒதுக்கிய பகுதியில் இடமில்லை என்றால் மதுக்கடைத் திரையில் பாருங்கள்.

சீட்டே இல்லாமல் வருகிறவர்கள்தான் 2021 ஜூலை 11-ஐக் கெடுத்தார்கள். இத்தாலியுடனான யூரோ இறுதியாட்டத்துக்கு வெம்பிளியில் சுமார் 2,000 பேர் சீட்டில்லாமல் நுழைந்தார்கள் என்று கால்பந்துச் சங்கத்துக்காக லூயிஸ் கேசி நடத்திய விசாரணையின் அறிக்கை சொன்னது. பதினேழு முறை கூட்டமாக உடைத்துக்கொண்டு புகுந்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கும் வாசல்களும் அவசரக் கதவுகளும்தான் அவர்கள் குறிவைத்த இடங்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒருவருக்காகக் கதவு திறந்த நொடியில் பின்னாலிருந்து நூறு பேர் முட்டுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இத்தாலிய ரசிகர்களுக்கு மட்டுமா அது அச்சம்? இங்கிலாந்துக் குடும்பங்களே குழந்தைகளை இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். ஒரு லட்சம் யூரோ அபராதமும், ரசிகர்கள் இல்லாத அரங்கில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்ற தண்டனையும் வந்தன. வாசலில் உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒருவர் நுழையப் பார்த்தால் ‘போகட்டும், பாவம்’ என்று இடம் விடாதீர்கள். அந்த இரவு அப்படித்தான் ஆரம்பித்தது.

அதே இரவில் பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவர் மீதும் இணையத்தில் இனவெறி கொட்டியது. பன்னிரண்டு நாள் முன்பு, ஜெர்மனி தோற்றபோது பெரிய திரையில் காட்டிய அழும் சிறுமியை வைத்து இணையத்தில் கேவலமாகக் கேலி செய்தார்கள். அந்தக் குழந்தைக்காக நிதி திரட்டியவர் வேல்ஸ்காரர் ஒருவர். 500 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 36,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. குடும்பத்தார் அதை யூனிசெஃபுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இங்கிலாந்து ரசிகர்கள் பலரும் அதில் பணம் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. இணையத்தில் வெறுப்பைக் கக்கினாலும் மைதானத் தடை உத்தரவு வரலாம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பத்து. வெளிநாட்டு ஆட்டம் நடக்கும் காலத்தில் கடவுச்சீட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

ரசிகர் கையில் இல்லாத ஒன்று தொலைக்காட்சி. பிரிட்டனில் பெரும் போட்டிகளின் ஒளிபரப்பு நான்கு தேசங்களுக்கும் பெரும்பாலும் ஒன்றே. வேறு இரண்டு நாடுகள் ஆடிக்கொண்டிருக்கும்போதும் பேச்சு இங்கிலாந்தின் அடுத்த ஆட்டத்துக்கே திரும்பும். எப்படியாவது 1966 வந்துவிடும். தங்கள் அணி தகுதி பெறாத கோடைகளில் ஸ்காட்லாந்து வீடுகளில் வாரக்கணக்கில் இதுதான் ஓடும். ‘இங்கிலாந்தைத் தவிர யார் ஜெயித்தாலும் சரி’ என்ற அவர்களின் பேச்சில் பாதி, அந்தத் திரைக்குச் சொல்லும் பதில்தான். 2006-ல் ஜேசன் ஸ்காட்லாந்து என்ற டிரினிடாட் வீரர், பெயருக்காகவே அங்கே செல்லப்பிள்ளையானார். இங்கிலாந்தோடு ஆடவிருந்த டிரினிடாட் அணியின் சட்டையை, முதுகில் ‘ஸ்காட்லாந்து’ என்று போட்டு வாங்கினார்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்காதீர்கள், சிரித்துவிடுங்கள். 1966-ஐ நீங்களாக எடுக்காதீர்கள். யாராவது எடுத்தால் 1967-ஐச் சொல்லுங்கள். உலக சாம்பியனான இங்கிலாந்தை அடுத்த ஏப்ரலிலேயே வெம்பிளியில் 3-2 என்று ஸ்காட்லாந்து தோற்கடித்தது. எதிரணியின் பெருமையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சு சுகமாகப் போகும்.

ஸ்காட்லாந்தின் ‘டார்டன் ஆர்மி’ ரசிகர்களிடம் கற்க ஒரு விஷயம் இருக்கிறது. அவர்களும் ஒரு காலத்தில் சாதுக்கள் அல்ல. 1977-ல் வெம்பிளியில் களத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தை உடைத்தவர்கள். பிறகு, இங்கிலாந்து ரசிகர்களைப் போல நாம் இருக்கக் கூடாது என்று தாங்களாகவே முடிவெடுத்து மாறினார்கள். இப்போது ஒவ்வொரு வெளிநாட்டு ஆட்டத்தின்போதும் அந்த ஊர்க் குழந்தைகளுக்கான ஒரு அமைப்புக்கு நன்கொடை கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. விருந்தாளியாக வந்திருக்கிறோம் என்பதை ஊருக்குச் சொல்லும் வழி அது. இங்கிலாந்து ரசிகர் குழுக்கள் செய்யவே முடியாத காரியம் ஒன்றும் அதில் இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு, பல ஐரோப்பிய அரங்கங்களில் விருந்தாளி ரசிகர்களை உடனே வெளியே விட மாட்டார்கள். உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை அரை மணி நேரமோ அதற்கு மேலோ நிறுத்தி வைப்பார்கள். கடைசி ரயிலுக்குச் சீட்டு எடுக்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் காவலர்களிடம் கத்துவதால்தான் பல கைதுகள் நடக்கின்றன. கையில் தண்ணீரும் சட்டைக்கு மேல் போட ஒரு சாதாரண ஜாக்கெட்டும் வைத்திருங்கள். வெளியே வந்ததும் அணியின் கழுத்துத் துண்டை உள்ளே சுருட்டி வைத்துவிட்டு, ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் அவர்கள் அணியில் நன்றாக ஆடிய ஒருவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.